தாத்தாவின் மோர்ஸ் கீயும் மாடி அறை ரேடியோவும்

தாத்தா திருச்சியில் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பொழுதுபோக்காக ரேடியோவில் மற்றவர்களோடு பேசும் 'ஹாம்'களுக்கான அமெச்சூர் ரேடியோ லைசென்ஸும் வைத்திருந்தார். போன வருஷம் பூர்வீக வீட்டை விற்க முடிவானபோது அத்தை கூப்பிட்டார்: "மாடி ரூம்ல இருக்கிறதை வந்து எடுத்துக்கப்பா. இல்லேன்னா பழைய இரும்புக்குத்தான் போகும்."

புள்ளியும் கோடுமாகச் செய்தி அடிக்கும் பித்தளை மோர்ஸ் கீ, வரும் செய்தியை 'டக் டக்' சத்தமாகத் தரும் தந்தி சவுண்டர், 807 என்ற வால்வ் (பழைய காலக் கண்ணாடிக் குழாய்) போட்டு அவரே கட்டிய டிரான்ஸ்மிட்டர், ஒரு ரிசீவர், யாரோடு எப்போது பேசினார் என்று எழுதிவைத்த லாக் நோட்டுகள், பிஸ்கட் டின் நிறைய கியூஎஸ்எல் கார்டுகள் (ரேடியோவில் பேசியதை உறுதிசெய்து ஹாம்கள் அனுப்பிக்கொள்ளும் அட்டைகள்). கீயின் குமிழில் ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. என் நடுவிரலை அங்கே வைத்தால் சரியாகப் பொருந்தியது.

முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். ஆசையில் ரிசீவரை நேராக பிளக்கில் சொருகிவிட்டேன். இரண்டே நிமிஷத்தில் 'டப்' என்று ஒரு கண்டன்சர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகம்) வெடித்து அறையெல்லாம் புகை. பல வருஷம் கரண்ட் பார்க்காத எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்கள் உள்ளே கெட்டுப்போயிருக்கும். அவற்றைச் சோதித்து மாற்றிய பிறகு, முதல் தடவை சீரிஸ் பல்ப் வழியாகத்தான், அதாவது கரண்ட் வரும் வழியில் ஒரு குண்டு பல்பை இணைத்துத்தான், கரண்ட் கொடுக்க வேண்டும். பல்ப் பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம். டிரான்ஸ்மிட்டரை இன்னும் தொடவில்லை. 807-க்குப் போகும் மின்னழுத்தம் பல நூறு வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் அது தேங்கி நிற்கும். லைசென்ஸ் இல்லாமல் டிரான்ஸ்மிட்டரை வைத்திருப்பதே சட்டப்படி கூடாது என்பதும் பலருக்குத் தெரியாது. தாத்தாவின் லைசென்ஸ் அவரோடு முடிந்துவிட்டது. அதனால் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தேன். மோர்ஸ் தேவையில்லாத கிரேடு ஒன்று இருக்கிறது. இந்தக் கீயைக் கையில் வைத்துக்கொண்டு அதை எழுத மனசு வரவில்லை.

லாக் நோட்டில் மதுரை நண்பர் ஒருவரின் அழைப்புக்குறி (ஒவ்வொரு ஹாமுக்கும் தரப்படும் அடையாள எழுத்தும் எண்ணும்) பக்கத்துக்குப் பக்கம் வந்தது. தேடிப் பிடித்துப் பேசினேன். எண்பது வயசு. பஸ் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டார். கீயை சவுண்டரோடு இணைத்து ஒரு பேட்டரி கொடுத்தேன். சவுண்டரில் பீப் சத்தம் கிடையாது. தகடு இறங்கும்போது ஒரு 'டக்', ஏறும்போது ஒரு 'டக்'. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வைத்துத்தான் புள்ளியா கோடா என்று பிரிக்க வேண்டும். எனக்கு எல்லாம் ஒரே டகடகதான்.

"உங்க தாத்தா கை எப்படின்னு காட்டட்டுமா தம்பி?" என்று கேட்டார். ஹாம்களிடையே 'கை' என்றால் கையெழுத்து மாதிரி, ஒருவர் மோர்ஸ் அடிக்கும் பாணி. பேர் சொல்லாமலே ஆள் யாரென்று சொல்லிவிடுவார்கள். தாத்தாவின் அழைப்புக்குறியில் வரும் 2-க்கு இரண்டு புள்ளி, மூன்று கோடு. அந்தக் கடைசிக் கோட்டை அவர் எப்போதும் கொஞ்சம் இழுப்பாராம். லாக் நோட்டில் தேதி, நேரம், அலைவரிசை எல்லாம் இருக்கிறது. இது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பெரியவர் அடித்துக் காட்டினார், அந்த இழுப்போடு. சமையலறையிலிருந்து அத்தை வாசல்படி வரை வந்து நின்றார், கையில் கரண்டியோடு.

"அப்பா அடிக்கிற மாதிரியே இருக்கே," என்றார். அத்தைக்கு மோர்ஸ் ஒரு எழுத்துகூடத் தெரியாது.