"மாற்றுத்திறனாளி இசைக்கலைஞர்கள்" என்று தனிப் பட்டியல் எதற்கு?

தாளக்கட்டு:
நம் குழு தயாரிக்கும் பாடல் தொகுப்பில் "மாற்றுத்திறனாளி இசைக்கலைஞர்கள்" என்று தனிப்பிரிவு வரப்போவதாகப் பார்த்தேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஸ்டீவி வொண்டரும் ரே சார்ல்ஸும் சோல் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகைக்குள் இருக்க வேண்டியவர்கள். பார்வை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இருவரையும் பிரித்தெடுத்துத் தனியாக உட்கார வைப்பது என்ன மரியாதை? 1963இல், 13 வயதில், அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தவர் ஸ்டீவி. பாட்டைக் கேளுங்கள், உடம்பைப் பார்க்காதீர்கள். இவ்வளவுதான் என் கட்சி.

வெண்கோல்:
எனக்குப் பார்வை கிடையாது, அதனால் இதில் எனக்குப் பங்கு உண்டு. நீங்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், தாளக்கட்டு. ஆனால் உடம்பைப் பார்க்காமல் இருப்பது கேட்பவர் கையில் மட்டும் இல்லையே. பிரிட்டிஷ் பாடகர் ராபர்ட் வயட் 1973இல் ஜன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அடுத்த வருடம் பிரிட்டனின் பெரிய தொலைக்காட்சி இசை நிகழ்ச்சிக்குப் பாடப் போனார். குடும்பத்தோடு பார்க்கும் நிகழ்ச்சிக்குச் சக்கர நாற்காலி பொருந்தாது, வேறு நாற்காலியில் உட்காருங்கள் என்றார் தயாரிப்பாளர். வயட் சண்டை போட்டுத்தான் சக்கர நாற்காலியிலேயே பாடினார். அந்தத் தயாரிப்பாளரும் "உடம்பு தெரிய வேண்டாம்" என்றுதான் சொன்னார்.

தாளக்கட்டு:
அந்தத் தயாரிப்பாளர் செய்தது அநியாயம், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் வயட் கேட்டது மற்ற பாடகர்களுக்குக் கிடைக்கும் அதே மேடையைத்தான். தனி மேடை கேட்கவில்லை.

பழையரெக்கார்டு:
சரி, அப்படியானால் பிரிட்டிஷ் ராக் பாடகர் இயன் டூரியை எங்கே வைப்பீர்கள்? ஏழு வயதில் போலியோ வந்தவர். 1981ஐ ஐ.நா. சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்தபோது, ஒரு வருடத்துக்கு மட்டும் காட்டும் இந்தக் கரிசனம் எனக்கு வேண்டாம் என்று கோபத்தோடு ஒரு பாட்டு எழுதினார். தன்னைப் போன்றவர்களை ஏச மக்கள் பயன்படுத்திய சொல்லையே எடுத்துத் தலைப்பில் வைத்தார். பிபிசி அதற்குத் தடை போட்டது. அதே பாட்டு 2012 லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவில், மாற்றுத்திறனாளிக் கலைஞர்களின் குரலில் உலகம் முழுக்கக் கேட்டது. உடம்பை ஒதுக்கிவிட்டு இந்தப் பாட்டை எப்படிக் கேட்பது? பாட்டின் பொருளே அதுதானே.

கீழ்சுருதி:
கிட்டார் வாசிக்கிறவனாக ஒன்று சொல்கிறேன். பொருள் மட்டுமில்லை, ஒலியே உடம்பிலிருந்துதான் வருகிறது. பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி 1965இல் தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். தந்தியை அழுத்தும் கையின் விரல்கள் அவை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய தந்திகளுக்கு மாறினார், பிற்பாடு சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த ஓசைக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

சோல் பாடகர் கர்ட்டிஸ் மேஃபீல்டை நினைத்துப் பாருங்கள். 1990இல் மேடையில் விளக்குச் சட்டம் மேலே விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். 1996இல் வந்த ஆல்பத்தை மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் பாடிப் பதிவு செய்தார். உட்கார்ந்தால் மூச்சு போதாது. அந்த மூச்சின் அளவு அதில் காதில் விழுகிறது. அதைச் சொல்லாமல் அந்த ஆல்பத்தைப் பற்றி என்ன எழுதுவது?

தாளக்கட்டு:
நான் பயப்படுவது இதற்குத்தான். "விபத்தை வென்ற வீரர்" என்று ஆரம்பித்தால் பிறகு மேஃபீல்டின் பாட்டை யாரும் பேச மாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங் சக்கர நாற்காலியில் இருந்தவர். மற்றவர்கள் தன்னம்பிக்கை பெறுவதற்காகப் படைக்கப்பட்ட பொருள்கள் அல்ல நாங்கள் என்று 2014இல் மேடையேறிச் சொன்னார். அவர் பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். தனிப் பட்டியல் போட்டால் அதைத்தான் செய்வோம்.

வெண்கோல்:
ஸ்டெல்லா யங் எதிர்த்தது எங்களைக் காட்சிப்பொருள் ஆக்குவதை. அடையாளத்தை அவர் மறைக்கவே இல்லை, அதைத் தூக்கிப் பிடித்தார். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

சரிவுப்பாதை:
இவ்வளவு நேரமும் கேட்பவர்கள் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். நான் கீபோர்டு வாசிப்பவள், சக்கர நாற்காலியில் இருக்கிறேன். ஒரு நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள், மேடைக்குப் படிகள் மட்டும்தான். இரண்டு பேர் என்னை நாற்காலியோடு தூக்கி மேலே வைத்தார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நான் இன்னும் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை. அப்புறம் வாசித்ததற்குப் பாதிக் கைதட்டல்கூட இல்லை. எனக்கு அன்று வந்தது அழுகை இல்லை, கோபம்.

2016 கிராமி விழாவில் ஸ்டீவி வொண்டர் பிரெய்லில் இருந்த விருது அட்டையை விரித்து, உங்களால் இதைப் படிக்க முடியாதே என்று எல்லோரையும் சீண்டினார். உடனே, எல்லாமே மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்றார். தன் புகழை அந்த இடத்தில் செலவழித்தார்.

எனக்குப் பட்டியல் வேண்டும், தாளக்கட்டு. சரிவுப்பாதை கேட்டால் "அப்படி யாரும் பாட வருவதில்லையே" என்கிறார்கள் ஏற்பாட்டாளர்கள். கேலின் லீ வயலினைச் செல்லோ போல நிமிர்த்தி வைத்து வாசிக்கிறார். எலும்பு நோய் உள்ளவர், 2016இல் அமெரிக்கப் பொது வானொலியின் போட்டியில் வென்றவர். இந்தப் பெயர்களை எடுத்து நீட்ட எனக்குக் கையில் ஏதாவது வேண்டாமா?

பழையரெக்கார்டு:
ஆட்கள் இல்லை என்ற சாக்கில்தான் மற்றவர்கள் அந்த வேடத்தைப் போடுகிறார்கள். 2011இல் லேடி காகா கடற்கன்னியாகச் சக்கர நாற்காலியில் மேடைக்கு வந்தார். 2021இல் பாடகி சியா எடுத்த படத்தில் ஆட்டிசம் உள்ள பெண்ணாக நடித்தவருக்கு ஆட்டிசம் இல்லை. இரண்டுக்கும் கண்டனம் எழுந்தது.

தாளக்கட்டு:
சரிவுப்பாதை, நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏற்பாட்டாளர் முன்னால் நீட்டப் பட்டியல் வேண்டும் என்றால் புரிகிறது. ஆனால் வெளியில் தெரியாத குறைபாடு இருப்பவர்கள்? பாடகர் லூயிஸ் கபால்டி தனக்கு டூரெட் (உடல் தன்னையறியாமல் அசையும், ஒலி எழுப்பும் நரம்புக் கோளாறு) இருப்பதை 2022இல் அவராகவே சொன்னார். சொல்லாமல் இருப்பவரை நாம் ஊகித்துப் பட்டியலில் ஏற்றினால் அது அத்துமீறல்.

வெண்கோல்:
அதில் எனக்கு மறுப்பே இல்லை. தானாகச் சொன்னவர்கள் மட்டும். யாரையும் சோல், ராக் பிரிவுகளிலிருந்து எடுக்கவும் வேண்டாம், ஒரே பெயர் இரண்டு இடத்தில் வரட்டும்.

தாளக்கட்டு:
தனிப்பிரிவு பற்றி என் சந்தேகம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் மேஃபீல்டுக்கான குறிப்பை நான் எழுதுகிறேன். முதலில் அவர் குரலும் கிட்டாரும், 1990 விபத்து அதற்குப் பிறகு. டூரிக்கான குறிப்பைச் சரிவுப்பாதை எழுதட்டும், நான் அதில் கை வைக்க மாட்டேன்.

சரிவுப்பாதை:
எழுதுகிறேன். கூடவே நாம் பட்டியலிடும் அரங்குகளில் எதற்கெல்லாம் மேடைவரை சரிவுப்பாதை இருக்கிறது என்றும் ஒரு பத்தி வரும். பார்வையாளர் வாசலில் மட்டும் இருந்தால் கணக்கில் சேராது.