புதுப்பிப்பு: வைசியாள் வீதிக்கு யார் செலவு செய்தார்கள்?

புதுச்சேரி வைசியாள் வீதியின் பழைய வீடுகளைச் சீரமைத்ததைப் பற்றி நான் எழுதிய இழைக்கு வந்த கேள்விகளில் பாதி இதுதான்: "எல்லாம் தனியார் வீடு, காசு யாருடையது?"

ஐரோப்பிய, ஆசிய நகரங்களைச் சேர்ந்து வேலை செய்ய வைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஆசியா அர்ப்ஸ்' திட்டம் கொஞ்சம், வீட்டுக்காரர்கள் கொஞ்சம். 2000-களின் தொடக்கத்தில் புதுச்சேரியோடு இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ நகரங்களும் கைகோத்தன. களத்தில் நின்றது மரபுச் சின்னங்களைக் காக்கும் அமைப்பான இன்டாக். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் வந்தது.

அடுத்த கேள்வி, "பெயின்ட் அடித்ததற்கா இவ்வளவு?" இல்லைங்க. இந்த வீடுகளுக்குக் கீழ்த்தளத்தில் தமிழ் முகம்: திண்ணை, மரத்தூண், தெருப்பக்கம் சரிந்த ஓட்டுத் தாழ்வாரம். மாடியில் பிரெஞ்சு முகம்: வளைவு சன்னல், சுவரோடு ஒட்டிய அரைத்தூண். தாழ்வாரம் வீட்டுக்கு வீடு தொடர்ந்தால்தான் தெருவுக்கே அழகு. நடுவில் ஒருவர் இடித்து ஷட்டர் போட்டால் வரிசை போச்சு. அதனால் தனி வீட்டை விடத் தெருவை மொத்தமாகச் சீரமைக்க எடுத்ததுதான் இதில் உருப்படியான முடிவு என்பேன்.

அப்புறம் சுண்ணாம்பு. பழைய செங்கல் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. கடற்கரை ஊரில் உப்பு பூத்துப் பூச்சு பொரிந்து விழும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். ஆனால் அது தெரிந்த கொத்தனார் வேண்டும், கூலியும் கூடுதல்.

விடுதியாக மாறிய வீடுகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: எனக்கும் முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் பூட்டிக் கிடந்து ஓடு சரிவதற்கு அது தேவலை.