டாலரன்ஸ்: சகிப்பா, பொறுதியா?

நோயெதிர்ப்புச் செல்கள் நம் சொந்த உடலைத் தாக்காமல் விடுவதை ஆங்கிலத்தில் ‘இம்யூன் டாலரன்ஸ்’ என்கிறார்கள். அதற்கும் அதன் சுற்றத்துச் சொற்களுக்கும் தமிழ் தேடியபோது வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

> ‘நோயெதிர்ப்புச் சகிப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லாருக்கும் புரிகிற சொல்தானே?

புரியும்தான் ஐயா, தப்பாகப் புரியும். சகிப்பில் ஒரு முகச்சுளிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டு ஸ்பீக்கரைச் சகித்துக்கொள்கிறோம், பிடித்தா சகிக்கிறோம்? கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்லைப் பார்த்த டி செல் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதில்லை. நம்ம வீட்டு ஆள் என்று பேசாமல் கடந்துபோகிறது. அந்தப் பழக்கம் கெட்டால்தான் முதல் வகை நீரிழிவு, முடக்குவாதம் எல்லாம்.

இந்தப் பழக்கத்தைச் சில செல்களே கற்றுக்கொடுக்கின்றன. நமக்கு வேண்டிய சொல் அதையும் தாங்க வேண்டும். கிளைச்செல் (டென்ட்ரிடிக் செல்) என்ற இன்னொரு நோயெதிர்ப்புச் செல் ஒரு புரதத் துணுக்கைத் தன் மேல் ஏந்தி டி செல்லிடம் காட்டுகிறது. கூடவே தூண்டும் குறி ஒன்றும் இருந்தால் டி செல் சண்டைக்குக் கிளம்பும். குறியில்லாமல் துணுக்கை மட்டும் காட்டினால் அடங்கிவிடும். சில சமயம் மற்ற செல்களை அடக்குகிற செல்லாகவே மாறிவிடும். இங்கிலாந்தின் நியூகாசிலில் இதை மூட்டழற்சிக்குச் செய்து பார்த்தார்கள். நோயாளியின் இரத்தத்திலிருந்தே கிளைச்செல் வளர்த்து, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் வைட்டமின் டியும் சேர்த்துப் பதப்படுத்தி, அவருடைய மூட்டுநீரையே அதற்கு ஊட்டி, வீங்கிய முழங்காலுக்குள் செலுத்தினார்கள். 2017இல் முடிவு வந்தது. முதற்கட்டச் சோதனைதான், பாதுகாப்பாக இருக்கிறது என்பதைத் தாண்டிப் பெரிதாகச் சொல்ல முடியாது.

அந்தச் செல்லை ‘சகிப்பூட்டும் கிளைச்செல்’ என்று எழுதிப் பாருங்கள். மத நல்லிணக்க மாநாட்டுத் தட்டி மாதிரி இருக்கிறது.

மற்ற சொற்களுக்கும் ஏற்கெனவே வேலை இருக்கிறது. வறட்சி தாங்கும் நெல் ‘தாங்குதிறனை’ எடுத்துக்கொண்டது. ‘இணக்கம்’ என்றால் உறுப்பு மாற்றுக்காரர்களின் திசு இணக்கத்தோடு மோதும். ‘ஏற்பு’ வைத்தால் ஏற்பி (ரிசெப்டர்) பக்கத்திலேயே நிற்கிறது.

என் ஓட்டு ‘பொறுதி’க்கு. எங்கள் ஆச்சி “ஒரு பொறுதியும் இல்லாம ஓடுதான்” என்பாள். அகராதியில் தூசி தட்டி எடுத்ததல்ல. முக்கியமாக, வளைந்து கொடுக்கிறது: பொறுதியூட்டி, பொறுதியூட்டும் கிளைச்செல், பொறுதி குலைதல். டி செல்கள் முதிர்கிற தைமஸ் சுரப்பியில் நடப்பது மையப் பொறுதி, வெளியே நடப்பது புறப் பொறுதி.

> டி-ரெக்கை (மற்ற செல்களை அடக்குகிற ‘ரெகுலேட்டரி டி செல்’) ‘அடக்கி டி செல்’ என்று சுருக்கலாமா?

வேண்டாம். 1970களில் அந்தப் பெயரிலேயே ஒரு கருத்து ஓகோவென்று ஓடி, 80களில் கவிழ்ந்தது. ஜப்பானிய ஆய்வாளர் ஷிமோன் சகாகுச்சி வேலை செய்தது அந்தக் கெட்ட பெயருக்கு நடுவில்தான். பிறந்து 3 நாளான எலிக்குட்டியின் தைமஸை எடுத்தால் எதிர்ப்பு குறைந்திருக்க வேண்டும். அதுவோ சொந்த உறுப்புகளையே தாக்கியது. நல்ல எலியின் டி செல்களைச் செலுத்தியபோது நோய் வரவில்லை. அப்படியானால் அவற்றுள் காவல் செல் ஏதோ இருக்கிறது! 1995இல் சிடி25 என்ற அடையாளத்தோடு அவற்றைக் காட்டினார். 2001இல் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும், கெட்டால் உடல் தன்னையே தாக்க வைக்கும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டார்கள். மூவருக்கும் 2025 நோபல். பழைய பெயரை இவர்கள் தலையில் மறுபடி கட்டுவானேன்? ‘நெறிப்படுத்து டி செல்’ நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை.

---

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. நாங்கள் நோயெதிர்ப்பை ‘நிர்ப்பீடனம்’ எண்டும் செல்லைக் ‘கலம்’ எண்டும் படிச்ச ஆக்கள். ‘நிர்ப்பீடனப் பொறுதி’ எண்டு எழுதிப் பார்த்தன், சொல் நிக்குது. அதாலை எனக்குச் சம்மதம். ஆனால் ஒண்டு: குறி இல்லாமல் காட்டினால் டி கலம் அடங்குது எண்டியள். அந்த ‘அனர்ஜி’ நிலைக்கு என்ன சொல்? ‘அடங்கல்’ எண்டால் கோபம் தணிஞ்ச மாதிரியெல்லோ கிடக்கு.

---

சரியான கேள்வி. அது தணிவதில்லை; உயிரோடு இருந்தும் தூண்டினால் அசையாது. கால் மரத்துப்போகிற மாதிரி. ‘மரப்பு’ என்று வைக்க ஆசை. ஆனால் ‘டி செல் மரப்பு’ என்று எழுதினால் மெய்ப்புப் பார்ப்பவர் கட்டாயம் ‘மரபு’ என்று திருத்திவிடுவார், அதுவும் ஃபாக்ஸ்பி3 மரபணுவுக்கு அடுத்த வரியில். ‘மரத்தல்’ என்று நீட்டலாமா, வேறு ஏதாவது தோன்றுகிறதா?