2017 எக்ஸ்யூவி500-ஆ, 2013 ஃபார்ச்சூனரா? பழைய டீசல் வண்டியில் எதைப் பார்த்து எடுப்பது?

போடிமலை எழுதியது:

அண்ணன்மாருக்கு வணக்கம். ஊர் தேனிப் பக்கம். சாந்தன்பாறையில் சின்னதாக ஒரு ஏலத்தோட்டம். வாராவாரம் போடிமெட்டு ஏறி இறங்க வேண்டும். அப்பா அம்மாவும் வருவார்கள், உர மூட்டையும் வரும். அதனால் ஏழு சீட் டீசல்தான் என்று முடிவு செய்துவிட்டேன். புது வண்டிக்கு வசதி இல்லை.

இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று திண்டுக்கல்லில் பழைய கார் விற்கிற ஒரு கன்சல்டிங்கில் நிற்கிற 2017 எக்ஸ்யூவி500. மேனுவல், இரண்டாவது ஓனர், மீட்டரில் 92,000, எட்டேகால் லட்சம் சொல்கிறார்கள். இன்னொன்று மதுரையில் ஓனரே விற்கிற 2013 ஃபார்ச்சூனர், மூன்று லிட்டர் எஞ்சின், டூ வீல் டிரைவ் மேனுவல். 1,74,000 ஓடியிருக்கிறது, பதினொன்று கேட்கிறார். வீட்டில் எல்லோரும் கிலோமீட்டர் குறைந்ததை எடு என்கிறார்கள். கொஞ்சம் கடன் வாங்கினால் 2021 பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி ஒன்றும் எட்டும்.

எனக்கு பெயின்ட், பாடி பார்க்கத் தெரியும். எஞ்சின் பக்கம்தான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கிறது.

பம்ப்ரூம் எழுதியது:

தம்பி, நான் நாமக்கல்லில் டீசல் பம்ப், இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் டீசல் பீய்ச்சுவது) வேலை பார்க்கிறவன். எங்களுக்குச் சோறு போடுவது லாரிதான். காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகிற முறை) வந்த பிறகு கார்களும் வந்து வரிசையில் நிற்கின்றன.

கிலோமீட்டரை வைத்து முடிவு பண்ணாதீர்கள். மீட்டரைப் பின்னால் ஓட்டுவது இன்றைக்கு அரை மணி நேர வேலை. பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங்கின் தோல், டிரைவர் சீட்டின் வெளி ஓரம் மூன்றும் 92,000 என்று சொல்கிறதா பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஐந்து டயரிலும் படியுங்கள். சர்வீஸ் பில் இருந்தால் வண்டி வருடத்துக்கு எவ்வளவு ஓடியது என்று நீங்களே கணக்குப் போடலாம்.

டீசல் எஞ்சின் உண்மை பேசுவது ஆறிக் கிடக்கும்போதுதான். காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று சொல்லி வையுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காகவே யாரோ முன்னால் ஓட்டி வைத்திருக்கிறார்கள். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் போங்கள். குளிரில் ஸ்டார்ட் ஆக உதவுகிற ஹீட்டர் பிளக் கெட்டிருந்தால் மதுரை வெயிலில் தெரியவே தெரியாது. மார்கழியில் மலை மேல் ஒரு ராத்திரி நிறுத்தினால்தான் பல்லைக் காட்டும்.

ஸ்டார்ட் ஆனதும் ஒருவரைப் பின்னால் நிற்க வையுங்கள். லேசாக வெள்ளைப் புகை வந்து உடனே நின்றால் சரி. நீலம் நின்றுகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது கறுப்பாகத் தள்ளினால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம் போகிறது. ஏர் ஃபில்டர், ஹோஸ், இஜிஆர் (புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுகிற வால்வு), டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது), இன்ஜெக்டர் எதுவாகவும் இருக்கலாம். அப்புறம் வண்டி ஓடும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றித் தலைகீழாக அதன் மேலேயே வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. புகையோடு 'குபுகுபு' என்று மூடியைத் தூக்கி அடித்தால் பேக் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் ஓரமாக வாயு கீழே கசிகிறது. அந்த எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

இனி என் தொழில். டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணி வடிக்கிற திருகு இருக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் வடித்துப் பத்து நிமிஷம் வெயிலில் வையுங்கள். தண்ணி இருந்தால் கீழே தனியாகப் படியும். கொஞ்சம் தண்ணி என்றால் பயப்பட வேண்டாம். ஆனால் டம்ளரைச் சாய்க்கும்போது அடியில் ஜிகினாத் தூள் மாதிரி ஏதாவது மின்னினால் அந்த வண்டியைத் தொடாதீர்கள். ஹை பிரஷர் பம்ப் தன்னைத் தானே தேய்த்துக்கொள்கிறது. அந்தத் தூள் ரெயிலுக்குள் போய், இன்ஜெக்டருக்குள் போய், ரிட்டர்ன் வழியாக டேங்குக்கும் போயிருக்கும். பம்பை மட்டும் மாற்றினால் பழைய தூளே புது பம்பையும் தின்றுவிடும். மொத்தமும் இறக்க வேண்டும். அந்தச் செலவைக் கேட்டுவிட்டு வண்டியை என் வாசலிலேயே விட்டுப் போனவர்கள் உண்டு.

இன்ஜெக்டருக்கு ரிட்டர்ன் டெஸ்ட் கேளுங்கள். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் ஒரு சின்ன பாட்டில் மாட்டி ஐடிலில் ஓட விடுவோம். நான்கிலும் டீசல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் மளமளவென்று நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது. இப்படிப்பட்ட வண்டி காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், சூட்டில் நிறுத்திவிட்டு அடித்தால் இழு இழு என்று இழுக்கும். இந்த டெஸ்டுக்கு ஒத்துக்கொள்ளாத ஓனரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

கடைசியாக மலை. திண்டுக்கல் வண்டியைச் சிறுமலை ஏற்றுங்கள், ஏசி போட்டு, ஆள் நிறைத்து. டர்போ தள்ளுகிற காற்றைக் கட்டுப்படுத்துகிற ஆக்சுவேட்டர் மாட்டிக்கொண்டாலோ ஹோஸில் விரிசல் விட்டாலோ பாதி ஏற்றத்தில் வண்டி திடீரென்று மூச்சு விட்டுப் படுத்துவிடும், மீட்டரில் எஞ்சின் லைட் வரும். சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். கூட வருகிறவர் "சென்சார் பிரச்சினை சார்" என்பார். சமதளத்தில் நாலாவது கியரில் நாற்பதில் போய் முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. இறங்கும்போது பிரேக்கில் ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க்.

கோவைசெல்வம் எழுதியது:

பிஎஸ்6 பற்றி மட்டும் சொல்கிறேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி இருக்கும். புகைக்கரியைப் பிடித்து வைத்து, சூடு ஏறியதும் எரித்துவிடும். அதற்கு நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் விடாமல் ஓட வேண்டும். ஆபீஸுக்கும் வீட்டுக்கும் நாலு கிலோமீட்டர் மட்டும் ஓடிய வண்டியில் எரிப்பது பாதியிலேயே நின்று, டீசல் ஆயிலில் கலந்து, டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறிக்கொண்டே போகும். ஆயில் குறைந்தால்தான் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். உங்கள் ஓட்டத்துக்கு டிபிஎஃப் ஒத்துவரும், ஆனால் முதல் ஓனர் எங்கே ஓட்டினார் என்பதை விசாரியுங்கள். டிபிஎஃப்பை வெட்டிப் போட்டு சாஃப்ட்வேர் மாற்றிய வண்டி என்றால் வேண்டவே வேண்டாம்.

சர்வேயரம்மா எழுதியது:

நான் சென்னையில் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். எஞ்சினை அண்ணன் சொல்லிவிட்டார், தண்ணியை நான் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும், இரண்டே வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலியும் மூழ்கின. பழுது செலவு ஐடிவியில் (பாலிசியில் போட்டிருக்கிற வண்டி மதிப்பு) முக்கால் பங்கைத் தாண்டினால் டோட்டல் லாஸ். அந்த வண்டி ஏலத்தில் போய், கழுவித் துடைத்து, வேறு மாவட்டத்தில் விற்பனைக்கு வரும்.

வாசனை பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, நன்றாக சென்ட் அடித்திருப்பார்கள். சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரை இழுங்கள். உருளையில் சுற்றியிருக்கிற அந்தக் கடைசி இரண்டு அடியை யாரும் கழுவுவதில்லை, சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். சீட்டுக்கு அடியில் அது நகர்கிற தண்டவாளத்தின் திருகுகள் துருப்பிடித்திருக்கிறதா, டேஷ்போர்டுக்குக் கீழே கனெக்டர் பின்கள் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பழைய பாலிசி நகலையும் கேளுங்கள். அதில் நோ க்ளைம் போனஸ் சதவீதம் இருக்கும். 50 என்றால் அவர் குறைந்தது ஐந்து வருடம் க்ளைம் போடாதவர். ஆனால் அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு இல்லை. பழைய வண்டியிலிருந்து கொண்டு வந்திருக்கலாம். பூஜ்யம் என்றால் ஏன் என்று கேட்கலாம்.

போடிமலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டையும் பார்த்துவிட்டேன்.

ஃபார்ச்சூனரின் முன்பக்கம் பானெட் ஓரத்தில் இரண்டு சின்னத் துளை, ரப்பர் வைத்து அடைத்திருக்கிறது. கொடிக்கம்பி இருந்ததாம். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் லைட் அணையக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பெல்ட் மாற்றியாச்சு என்றார், பில் இல்லை.

எக்ஸ்யூவியில் சீட் பெல்ட் சுத்தம், மூடி ஆடவில்லை, டம்ளரில் எதுவும் மின்னவில்லை, பாட்டில் நான்கும் ஒரே மட்டம். ஸ்கேனர் போட்ட பையன் கோடு (பழுதைச் சொல்கிற எண்) ஒன்றும் இல்லை, ஆனால் கோடு அழித்த பிறகு ஓடிய தூரம் 9 கிலோமீட்டர் என்றுதான் காட்டுகிறது என்றான். கன்சல்டிங்காரர் பேட்டரி மாற்றினோம் என்கிறார். சிறுமலை ஏறி இறங்கிய பின் மறுபடி போட்டோம். பூஸ்ட் பிரஷர் (டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தம்) குறைவு என்று ஒரு கோடு வந்தது. வண்டி படுக்கவில்லை, ஆனால் ஏற்றத்தில் 'உஷ்' என்று ஒரு சத்தம்.

பம்ப்ரூம் எழுதியது:

ஃபார்ச்சூனரை விடுங்கள் தம்பி. நல்ல எஞ்சின்தான், ஆனால் கொடி கட்டி ஓடிய வண்டி காலையில் சூடாக விட்டிருக்காது, நிறுத்தும்போது டர்போவை ஆற விட்டிருக்காது. கான்வாய்க்குப் பின்னால் மிதித்திருப்பார்கள். அந்த மூன்று லிட்டர் எஞ்சினில் இன்ஜெக்டர் டேப்பட் கவருக்குள் (எஞ்சினின் மேல் மூடி) இருக்கிறது. அடியில் இருக்கிற செம்பு வாஷர் கசிந்தால் எரிந்த வாயு ஆயிலில் கலந்து, கரி அடியில் ஆயில் நிற்கிற சம்ப்பில் படிந்து, ஆயில் உறிஞ்சுகிற வலையை அடைக்கும். ஆயில் லைட் தாமதமாக அணைகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் போகும். சம்ப்பை இறக்கிப் பார்த்தால் தெரியும், விற்கிறவர் விடமாட்டார். டைமிங் பெல்ட்டுக்கு மீட்டரில் தனி விளக்கு உண்டு. பெல்ட்டை மாற்றாமலே அதை அணைக்க முடியும். பில் இல்லாத பெல்ட்டை மாற்றாத பெல்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் வால்வு எல்லாம் வளையும்.

எக்ஸ்யூவியில் செயின், அந்தக் கவலை இல்லை. பேட்டரி கழற்றினால் சில வண்டிகளில் கோடு அழியும், அதனால் அவர் சொல்வது பொய் என்று சொல்லமாட்டேன். 'உஷ்' சத்தமும் பூஸ்ட் குறைவும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் டர்போ காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரின் ஹோஸ் விரிசல் விட்டிருக்கும், அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கும். ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விடுங்கள். ஆயில் பிசுபிசுப்பு இருப்பது சகஜம், சொட்டக்கூடாது. அப்படியே டர்போவின் காற்றாடியை விரலால் ஆட்டுங்கள். பக்கவாட்டில் மயிரிழை அசைவு இருக்கலாம், முன்னும் பின்னும் அசையவே கூடாது.

ஹோஸை அவர்கள் செலவிலேயே மாற்றச் சொல்லி இன்னொரு தடவை சிறுமலை ஏற்றுங்கள். கோடு திரும்ப வராவிட்டால் அம்பதாயிரம் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள். வந்தால் ஒரு டர்போ விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், மறுத்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். எதுவானாலும் ஹெச்பி (ஆர்சியில் இருக்கிற கடன் பதிவு) கேன்சல் ஆகி, ஓனர் பெயர் மாற்றுகிற ஃபார்ம் 29, 30 கையெழுத்தாகாமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.