பயிருக்கு இன்சூரன்ஸ் போட்டோம், உடம்புக்கும் போடலாமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து:

பக்கத்து வீட்டுப் பெரியப்பா நெஞ்சுவலி வந்து, திருச்சியில் ஸ்டென்ட் வைத்துத் திரும்பினார். ஆள் பிழைத்துவிட்டார். பெரியம்மாவின் சங்கிலியும் இரண்டு வளையலும் கூட்டுறவுச் சங்கத்தில் அடமானத்தில் இருக்கின்றன. அன்றிலிருந்து என் மனைவி மருத்துவக் காப்பீடு எடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். வீட்டில் ஐந்து பேர். அப்பாவுக்கு 63, அம்மாவுக்கு 57, அப்புறம் நாங்கள் இருவரும் மூன்று வயதுப் பையனும்.

அப்பாதான் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறார். இன்சூரன்ஸ் என்றாலே அவருக்குப் பயிர்க் காப்பீடுதான் ஞாபகம் வரும். ஒரு ஐப்பசி மழையில் எங்கள் பள்ளத்து நிலம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், பன்னிரண்டு நாள் தண்ணீரில் கிடந்து அழுகிப்போனது. சம்பாவுக்கு 1.5 சதவீதப் பங்கு ஒழுங்காகக் கட்டியிருந்தோம். ஆனால் இழப்பீட்டை வருவாய் கிராமத்தின் சராசரி மகசூலை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். மேட்டுப் பக்கம் நன்றாக விளைந்ததால் எங்களுக்கு ஒரு பைசா வரவில்லை. "காசு வாங்கையில நம்ம வயலப் பாப்பான், குடுக்கையில ஊரப் பாப்பான்" என்பார் அப்பா. இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

போதாததற்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் வீட்டில் இருக்கிறது. அது இருக்கும்போது இன்னொன்று எதற்கு? எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் நடந்ததைச் சொல்லுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து:

தம்பி, அட்டையைக் குறைவாக நினைக்காதீர்கள். என் மாமனாருக்கு இதயத்தில் அடைப்பு. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் அந்த அட்டையிலேயே முடிந்தது. போக்குவரத்துக்கும் டீக்கும்தான் செலவு. குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு.

ஆனால் சிகிச்சையும் பட்டியலில் இருக்க வேண்டும், ஆஸ்பத்திரியும் பட்டியலில் இருக்க வேண்டும். என் தங்கைக்கு ராத்திரி ஒரு மணிக்கு வயிற்றுவலி வந்து கிடைத்த இடத்துக்கு ஓடினோம். அங்கே அட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இன்னொன்று, வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்குத்தான் அந்த அட்டை. உங்கள் மனைவி வேலைக்குப் போகிறவர் என்றால் அதையும் யோசியுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:

நான் சொல்வது எங்கள் வீட்டுத் தவறு, கம்பெனியின் தவறு மட்டும் இல்லை.

என் மாமாவுக்கு, அதாவது கணவரின் அப்பாவுக்கு, சர்க்கரை உண்டு. பாலிசி போடும்போது ஏஜென்ட், தூரத்துச் சொந்தம் வேறு, "அதெல்லாம் எழுதாதீங்க அண்ணி, பிரீமியம் ஏறிடும்" என்றார். நாங்களும் சரி என்றோம். படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் "இல்லை". கையெழுத்து மட்டும் மாமாவுடையது.

இரண்டாவது வருடம் வயலில் முள் குத்தி, கால் புண்ணாகி, சீழ் வைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் டியூட்டி டாக்டர் பழைய வியாதி ஏதாவது உண்டா என்று கேட்டார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, "பத்து வருஷமா சர்க்கரை மாத்திரை போடுறேன், ஒரு நாள் விட்டதில்ல" என்றார். அதில் அவருக்கு ஒரு பெருமை! டாக்டர் அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டார். அதற்குமேல் கம்பெனிக்கு வேறு சாட்சி எதற்கு? உண்மையை மறைத்தீர்கள் என்று கிளெய்மை நிராகரித்துப் பாலிசியையும் ரத்து செய்தார்கள். 1,84,000 ரூபாய் கையிலிருந்து போனது. ஏஜென்டை அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

சர்க்கரையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு விசாரித்தேன். பிரீமியம் கொஞ்சம் கூடியிருக்கும். ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு, 2024 முதல் அது அதிகபட்சம் மூன்று வருடம். அதுவரை அந்த நோயால் வரும் செலவுக்குப் பணம் கிடைக்காது. சர்க்கரையால் முற்றிய அந்தக் கால் புண்ணுக்கு அப்போதும் பணம் வந்திருக்காது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாலிசி கையில் நின்றிருக்கும். இப்போது யாரும் சொல்லாமலே எனக்குத் தெரியும், எந்தக் கம்பெனியும் அவரைச் சுலபமாக எடுக்காது. தொடர்ந்து ஐந்து வருடம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்தாய் என்று காரணம் காட்ட முடியாது என்று ஒரு விதி இருக்கிறது. அதை நம்பி யாரும் பொய் எழுதாதீர்கள். எங்களுக்கு இரண்டாவது வருடமே வந்துவிட்டது.

பட்டுக்கோட்டையிலிருந்து:

நான் எடுக்கவில்லை. பிரீமியத்தை வருடாவருடம் வங்கியில் தனியாகப் போடுவது என்று முடிவு செய்தேன். கணக்கு நன்றாகத்தான் இருந்தது. முதல் வருடப் பணம் விதைநெல்லுக்குப் போனது, இரண்டாவது வருடப் பணம் பெண்ணின் காதுகுத்துக்குப் போனது. இப்போது அந்தக் கணக்கில் 412 ரூபாய் இருக்கிறது.

திருவாரூரிலிருந்து:

எடுப்பதாக இருந்தால் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். என்னுடையது 3 லட்சம் பாலிசி, அறைக்கு ஒரு நாளைக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000. மனைவிக்கு வசதியாக இருக்கட்டும் என்று 6,000 ரூபாய் அறை எடுத்தேன். கூடுதல் 3,000 மட்டும் நம் தலையில் விழும் என்று நினைத்தேன். டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் என்று எல்லாவற்றிலும் பாதிதான் கொடுத்தார்கள். அறை எந்த விகிதத்தில் மீறுகிறதோ அதே விகிதத்தில் அவற்றையும் வெட்டுவார்கள். மருந்துக் கணக்கு மட்டும் தப்பியது.

முதல் 30 நாள் விபத்து தவிர எதற்கும் கிடைக்காது. ஊரில் டெங்கு வந்த பிறகு ஓடிப்போய் எடுத்துப் பயனில்லை. பாலிசி கைக்கு வந்தபின் பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அந்த ஒரு மாதத்தில் எல்லாப் பக்கத்தையும் படியுங்கள். ஏஜென்ட் ஜிஎஸ்டி சேர்த்துத் தொகை சொன்னால் பழைய தாளைக் காட்டுகிறார் என்று அர்த்தம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு அந்த 18 சதவீதம் கிடையாது.

மன்னார்குடி, மறுபடியும்:

கும்பகோணம் அக்கா எழுதியதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முள் குத்திய இடம் வந்ததும் கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்துவிட்டார்.

எங்கள் மூவருக்கும் ஒரு குடும்ப பாலிசி, அப்பா அம்மாவுக்குத் தனியாக ஒன்று என்று யோசித்திருக்கிறேன். எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்தால் வீட்டில் மூத்தவர் வயதை வைத்துப் பிரீமியம் போடுகிறார்கள், தொகை எங்கோ போகிறது. அட்டையையும் விடப்போவதில்லை. அது இன்னும் செல்லுமா என்று விசாரிக்க வேண்டும்.

நேற்று ராத்திரி அப்பா கேட்டார், "இது நம்ம வயலப் பாத்துக் குடுப்பானா, ஊரப் பாத்தா?"

"நம்ம கேஸ் ஷீட்டப் பாத்துப்பா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் எழுந்துபோய்ப் பத்தாயத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்துவந்தார். உள்ளே பழைய மருந்துச் சீட்டுகள், ஒரு ஈசிஜி தாள். 2019-இல் அறுவடைச் சமயம், நாங்கள் எல்லோரும் களத்தில் இருந்தபோது, நெஞ்சை அடைக்கிறது என்று தனியாகப் பஸ் ஏறித் தஞ்சாவூர் போய் ஒரு நாள் படுத்துவிட்டு வந்திருக்கிறார். அம்மாவுக்கே தெரியாது. படிவத்தைப் பாதி நிரப்பி வைத்திருந்தேன். முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுத வேண்டும்.