ஆயில் பேஸ்டல் படம் மூன்று மாதமாகியும் காயவில்லை, என்ன செய்வது?

கேள்வி:
ஏ3 தாளில் ஆயில் பேஸ்டலில் ஒரு கடல் படம் வரைந்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் விரல் பட்டால் ஒட்டுகிறது. நேற்று மேலே வைத்திருந்த நோட்டை எடுத்தால், என் நீல வானத்தில் பாதி அதன் அட்டையில்! எப்போதுதான் காயும்? அக்ரிலிக் வார்னிஷ் பூசிவிடலாமா?

பதில் 1:
காயவே காயாது, காத்திருக்காதீர்கள். ஆயில் பெயின்டில் உள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டு இறுகிவிடும், பேஸ்டலில் இருப்பதோ இறுகாத மினரல் ஆயிலும் மெழுகும். 1949-ல் பிக்காசோவுக்காக சென்னெலியே (Sennelier) என்ற பிரெஞ்சு வண்ண நிறுவனம் செய்து கொடுத்த ஆயில் பேஸ்டல் குச்சியும் இப்படிக் காயாத சாதிதான். வார்னிஷ் மட்டும் வேண்டாம். பிரஷ் பட்டதுமே வண்ணம் இழுபடும், அப்படியே பூசி முடித்தாலும் அடியில் நெகிழ்வாகவும் மேலே இறுக்கமாகவும் இருந்தால் நாளடைவில் வெடித்து உரியும்.

பதில் 2:
ஆயில் பேஸ்டலுக்கென்றே பிக்ஸட்டிவ் ஸ்ப்ரே (வண்ணத்தைத் தாளில் பிடித்து வைப்பது) இருக்கிறது, சாக்பீஸ் போலத் தூளாக உதிரும் சாஃப்ட் பேஸ்டலுக்கானதை வாங்கி ஏமாறாதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. முதலில் ஒரு துண்டுத் தாளில் அடித்துப் பாருங்கள், பளபளப்பு மாறலாம். ஒட்டுவது குறையும், ஆனால் நகத்தால் கீறினால் கீறல் விழத்தான் செய்யும்.

பதில் 1:
அதனால்தான் நான் ஸ்ப்ரேயை நம்புவதில்லை, கண்ணாடி ஃபிரேம்தான் என் கட்சி. மவுன்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வைத்து, படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். கண்ணாடி தொட்டால் நோட்டுக்கு நடந்ததுதான் அதற்கும். நேர்வெயில் விழும் சுவர் வேண்டாம், சூட்டில் மெழுகு இளகும். அப்புறம், ஃபிரேம் போடும் முன் தூள் தூளாக ஒட்டியிருக்கும் துணுக்குகளை பிளேடு நுனியால் மெல்ல எடுத்துவிடுங்கள், துடைத்தால் வானம் முழுக்க அழுக்காகும்.

கேள்வி கேட்டவர்:
சரி, ஃபிரேமே போட்டுவிடுகிறேன். மற்ற படங்கள் ஃபைலில் கிடக்கின்றனவே? தாளின் பின்பக்கம் எண்ணெய்க் கறையும் தெரிகிறது.

பதில் 2:
இடையிடையே கிளாசின் தாள் (எண்ணெய் எளிதில் ஊறாத வழுவழுப்பான மெல்லிய தாள்) வைத்துப் படுக்கையாக அடுக்குங்கள், மேலே கனம் ஏற்ற வேண்டாம். செய்தித்தாள் கூடவே கூடாது, மை ஏறிவிடும். கறை பழைய தாளில் போகாது, அடுத்த முறை ஜெஸ்ஸோ (வரையும் முன் தாளில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) ஒரு பூச்சு பூசிக் காயவிட்டு வரையுங்கள், எண்ணெய் உள்ளே இறங்காது.