பழைய 180எஸ்எக்ஸும் ஒரு சிப்பும்: திருகோணமலை வெயிலில் நாங்கள் கண்டது

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் சிப் போட்டால் இழுவை கூடுமா என்று கேட்டால், டர்போ (காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி) உள்ள எஞ்சின் என்றால் நிச்சயம் கூடும். டர்போ இல்லாத எஞ்சினில் கூடுவது, காலால் மிதிக்கிறவருக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்தச் சிப் எந்த ஊர்ப் பெற்றோலுக்கு, எந்த ஊர் வெக்கைக்கு எழுதப்பட்டது என்று தெரியாமல் வாங்கவே கூடாது. என் அத்தானின் நிசான் 180எஸ்எக்ஸில் இதைக் கிட்ட நின்று பார்த்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கார் 1991ஆம் ஆண்டுத் தயாரிப்பு. இரண்டு லீற்றர் எஸ்ஆர்20டிஈடி எஞ்சின், கம்பனியிலிருந்து வரும்போதே 205 குதிரைவலு. சுவிட்சை அமுக்கினால் பொனட்டுக்குள்ளிருந்து எழும்பும் முன்விளக்குகள். உப்புவெளிப் பக்கம் போனால் சின்னப் பிள்ளைகள் அந்த விளக்கைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்பார்கள். இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் இந்த மாதிரிக் கார்களுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் விலை எங்கேயோ போய்விட்டது. எஞ்சின் போனால் இன்னொன்று தேடி அலைய அத்தானால் முடியாது. அந்தப் பயம் எங்களுக்கு முதலிலிருந்தே இருந்தது.

இந்த வயதுக் கார்களில் சிப் என்றால் உண்மையிலேயே ஒரு சிப்தான். டாஷ்போர்டுக்குக் கீழே, இடது பக்கம் கால் வைக்கும் இடத்துப் பலகையைக் கழற்றினால் எஞ்சின் கம்ப்யூட்டர் இருக்கும். அதற்குள் ஒரு நினைவகச் சிப்பில் அட்டவணைகள் பதிந்திருக்கும். எஞ்சின் இத்தனை சுற்றில், இவ்வளவு காற்றை இழுக்கும்போது, எத்தனை டிகிரி முன்னால் பொறி விட வேண்டும், எவ்வளவு பெற்றோல் தெளிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். சிப் மாற்றுவது என்றால் பழையதைச் சூடுகாட்டி எடுத்து, சொக்கெட் வைத்து, எண்களை மாற்றிய இன்னொன்றைச் செருகுவது.

கம்ப்யூட்டரைத் திறக்காமலே சிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கவனம். எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவன் தன் ஹொண்டாவுக்கு அப்படி ஒன்றை இணையத்தில் எடுப்பித்தான். உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரேயொரு ரெசிஸ்டர். உள்ளே வரும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சரின் வயரில் அதை மாட்டச் சொல்லியிருந்தார்கள். காற்றுக் குளிராக இருக்கிறது என்று கம்ப்யூட்டரை நம்பவைத்து, கூடப் பெற்றோல் தெளிக்க வைக்கும் வேலை. செலவும் புகையும்தான் மிச்சம். பாவம், இரண்டு மாதச் சேமிப்பு அவனுக்கு.

அத்தானின் காரைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணைக்கு கராஜ் அநுராதபுரச் சந்திக்குக் கிட்ட. சிப் கதையை எடுத்தவுடனே அவர் பொனட்டைத் திறந்து ஏர்த் வயர்களைத்தான் பார்த்தார். கடற்காற்று ஊரில் இது முக்கியம். வயரின் உறையை ஓர் அங்குலம் சீவிக் காட்டினார், உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. எஞ்சின் இழுக்கும் காற்றை அளக்கும் மானியின் வயர் இணைப்பிலும் அதே கதை. ஏர்த் சரியில்லாவிட்டால் மானி சொல்லும் அளவும் பிழை, பிழையான அளவுக்கு எவ்வளவு நல்ல சிப் போட்டாலும் பலனில்லை. ஏர்த் முழுக்கப் புதிதாக இழுத்து, வெடித்த வெக்கியூம் குழாய்களையும் பெற்றோல் பில்டரையும் மாற்றி, பொறி விடும் ஸ்பார்க் பிளக்கை என்ஜிகே 6ஆம் இலக்கத்திலிருந்து ஒரு படி குளிரான 7க்கு மாற்றினார். இதற்கே கார் வேறு காராகிவிட்டது. சிப்புக்குக் காசு சேர்க்கிறவர்கள் முதலில் இந்த வேலையைச் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்புறம் சிப். கொழும்பில் ஒருவர் 'ஸ்டேஜ் 1', அதாவது முதற்கட்ட மாற்றம், என்று விற்றதை அத்தான் வாங்கி வந்தார். அண்ணை அதை உடனே போடவில்லை. ரீடரில் வைத்துப் படித்து, கம்பனிச் சிப்பின் கோப்பையும் பக்கத்தில் திறந்தார். இந்த நிசான் கம்ப்யூட்டரில் பொறி நேரத்துக்கு இரண்டு அட்டவணை உண்டு. ஒன்று வழமையானது. எஞ்சின் 'நொக்' அடிக்கிறது, அதாவது உள்ளே பெற்றோல் நேரம் தவறித் தானாக வெடிக்கிறது என்று சென்சர் சொன்னால், பொறியைத் தாமதமாக விடும் மற்ற அட்டவணைக்குக் கம்ப்யூட்டர் மாறிவிடும். எஞ்சினைக் காப்பாற்றுவதே அந்த இரண்டாவதுதான்.

"தம்பி, இஞ்ச பாருங்கோ. ரெண்டும் ஒண்டுதான்" என்றார் அண்ணை.

உண்மைதான். வழமையான அட்டவணையில் எண்களை ஏற்றிவிட்டு, அதையே அப்படியே இரண்டாவதிலும் ஒட்டியிருந்தார்கள். சென்சர் கத்தினாலும் கம்ப்யூட்டர் போக வேறு இடமில்லை. இந்த எண்கள் ஜப்பான் பெற்றோலுக்குச் சரியாக இருக்கலாம். அங்கே உயர் ரகம் 100 ஒக்டேனை ஒட்டியது (ஒக்டேன் கூடினால் பெற்றோல் தானாக வெடிப்பது குறையும்). இங்கே எங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது 92, 95 தான். அதோடு ஆடியில் கச்சான் காற்று வீசும்போது இங்கே அடிக்கும் சூட்டைச் சொல்லத் தேவையில்லை. சூடான காற்றை டர்போ இன்னும் நெருக்கிச் சூடாக்கி அனுப்பும்போது, பொறி பற்றவைத்த தீ பரவி வந்து சேரும் முன்பே மிச்சப் பெற்றோல் தானாக வெடிக்கப் பார்க்கும்.

நிரூபித்துக் காட்ட அண்ணை ஒரு செப்புக் குழாயின் முனையைத் தட்டி, துளை போட்டு, எஞ்சின் புளொக்கில் போல்ட்டால் இறுக்கினார். மறுமுனையில் ரப்பர் குழாய், அதன் முடிவில் காது மூடி. நிலாவெளி தாண்டிக் குச்சவெளிப் பாதையில் ஆளில்லாத நேரம் பார்த்து அத்தான் ஓட்ட, நான் காது மூடியோடு இருந்தேன். இரண்டாம் கியரில் 4000 சுற்று என்றால் வேகம் அறுபதுக்குக் கிட்டத்தான், சட்டத்துக்கு உட்பட்டது. கம்பனிச் சிப்பில் வெறும் இரைச்சல். கொழும்புச் சிப்பில் மிதித்தவுடன், தகரத்தில் சரளைக் கல் சிந்தினாற்போல் ஒரு சத்தம். நான் கையைத் தூக்க, அத்தான் உடனே காலை எடுத்தார். வெளியில் எதுவுமே கேட்கவில்லை என்பதுதான் பயங்கரம். அந்தக் குழாய் இல்லாவிட்டால் கார் நன்றாக இழுக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே பிஸ்டனை உடைத்திருக்கலாம்.

கடைசியில் அண்ணைக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, லப்டொப்போடு பக்கத்தில் இருந்து இந்தக் காருக்கென்றே எண்களை எழுதினான். 95 ஒக்டேன், மத்தியான வெயில், இரண்டையும் வைத்துத்தான் எழுத வேண்டும் என்பது அண்ணையின் நிபந்தனை. கம்பனி அமைப்பில், டர்போ முழு அழுத்தத்தில் காற்றைத் தள்ளும்போது பெற்றோல் தேவைக்கு மேல் தெளிக்கிறது, அதைக் குறைத்துக் காற்றும் பெற்றோலும் 11.5க்கு 1 என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பொறி நேரத்தை நடுச் சுற்றுகளில் மட்டும் கொஞ்சம் ஏற்றினார்கள். காப்பாற்றும் அட்டவணையைத் தொடவே இல்லை. 180 கிலோமீற்றர் வேகத் தடையையும் எடுக்க வேண்டாம் என்று அத்தான் சொல்லிவிட்டார். ஊருக்கு வெளியே 70 என்று இருக்கும் நாட்டில் அது எதற்கு?

இப்போது கந்தளாய்ப் பாதையில் லொறியை முந்த கியரைக் குறைக்கத் தேவையில்லை, மூன்றாவதிலேயே மிதித்தால் போதும். காது மூடியிலும் சத்தமில்லை. வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையிலும் சிக்கல் வரவில்லை.

மிச்சம் இருப்பது இன்டர்கூலர், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம். கம்பனி கொடுத்தது மட்காட்டுக்குள் ஒளிந்திருக்கும் சின்னது. நெரிசலில் நின்றுவிட்டு எடுத்தால் காற்றுச் சூடு இறங்க நேரம் எடுக்கிறது. முன்பக்க பம்பருக்குப் பின்னால் பெரியதை வைத்தால் றேடியேற்றருக்குப் போகும் காற்றை மறைத்துவிடுமோ என்று அண்ணை யோசிக்கிறார். எங்கள் பக்கத்து வெயிலில் அப்படி மாற்றி ஓடுகிறவர்கள் இருந்தால், எஞ்சின் சூடு எப்படி நிற்கிறது என்று எழுதுங்கள். கச்சான் தொடங்க முன் முடிவெடுக்க வேண்டும்.